இலை எடுக்கும் பிள்ளை

"இன்னாம்மே, ஒடம்புல எலும்பு கீதா, இல்லியா?"

கம்பம் நட்ட ஒவ்வோர் ஊரிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்கள். அப்போது நான் பின்பக்கமாக வளைந்து, என் கணுக்கால் இரண்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு, கூட்டத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நிலையில் மூச்சு விடுவதே பெரிய பாடு, பேச்சு எங்கே வரும்? வந்திருந்தால் சொல்லியிருப்பேன்: உங்களுக்கு உள்ள அத்தனை எலும்பும் எனக்கும் உண்டு, படுத்தால் ஒவ்வொன்றும் தான் இருக்கிற இடத்தைச் சொல்லிச் சொல்லி வலிக்கும்.

நான் கழைக்கூத்தாடிக் கூட்டத்தில் பிறந்தவள். எழுத்து எனக்கு வந்தது நாற்பது வயதுக்கு மேல். மகள் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்து எழுதவைத்தாள். அலங்காரமாக எழுதத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுவேன், அவ்வளவுதான். நான் சொல்லப்போவது வெள்ளைக்காரன் இருந்த காலத்தில், பட்டாளம் ஆவடியில் வந்து இறங்கிய வருஷங்களில் நடந்தது.

உடம்பு வளைவது பிறவியிலேயே வந்த வரம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். வரமும் இல்லை, மந்திரமும் இல்லை. பிள்ளைக்கு நாலு வயது ஆனதும் காலை வெயிலில் பாய் விரித்துக் குப்புறப் படுக்கவைப்பார்கள். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி முதுகில் தடவுவார்கள். பிறகு வளைக்கிறவர் தன் முழங்காலைப் பிள்ளையின் இடுப்பில் ஊன்றி, இரண்டு தோளையும் பிடித்துப் பின்னால் இழுப்பார். இன்றைக்கு ஒரு விரற்கடை, அடுத்த வாரம் இன்னொரு விரற்கடை. பின்மண்டை குதிகாலைத் தொடும் வரைக்கும் இது நடக்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பிள்ளைகளைத் திட்டுகிறவர்கள் சும்மா வாய்க்குச் சொல்கிறார்கள். எங்களுக்கு அது கெடு. பால்பல் விழ ஆரம்பித்தால் முதுகு மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு எவன் இழுத்தாலும் ஒடியுமே தவிர வளையாது என்பது எங்கள் பேச்சு.

வேறு யாரும் செய்யாத ஒரு வழக்கம் எங்களிடம் இருந்தது. பிள்ளையைப் பெற்றவள் வளைக்கக் கூடாது. பெற்றவள் கை தளரும் என்பார்கள். அதனால் அத்தைதான் வளைக்க வேண்டும், அதாவது தகப்பனோடு பிறந்தவள். வளைக்கிற வருஷம் முழுக்கப் பிள்ளை அத்தையோடுதான் தின்னும், அத்தையோடுதான் தூங்கும். காலையில் பாய் விரித்ததும் தாய்க்காரி சட்டியைத் தூக்கிக்கொண்டு கூழ் கேட்க ஊருக்குள் போய்விட வேண்டும். வந்த பிறகும் பிள்ளையிடம் எதுவும் கேட்கக் கூடாது, முதுகைத் தடவிப் பார்க்கக் கூடாது. கேட்டால் எலும்பு முறுக்கிக்கொள்ளும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். பிள்ளை எவ்வளவு வளைகிறது என்று யாருக்கும் காட்டமாட்டார்கள், கண் பட்டுவிடும். முதல் முதலாகக் களத்தில்தான் காட்டுவார்கள். தரையில் ஒரு வெற்றிலையை வைப்பார்கள். பிள்ளை நின்றபடியே பின்னால் வளைந்து அதை வாயால் எடுக்க வேண்டும். இலை எடுக்கிற நாள் என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பேர் வரமாட்டார்கள்.

நூம்பலில் தொடங்கி ஐயப்பன்தாங்கல், பூந்தமல்லி ஓரம், அப்படியே வடக்கே பருத்திப்பட்டு வரைக்கும் உள்ள ஊர்கள் எங்கள் கூட்டத்தின் பங்கு. அறுப்பு முடிந்ததும் அந்தக் களங்களில் நாங்கள்தான் கம்பம் நடுவோம், வேறு கூட்டம் வராது. ஆடி முடித்தால் களத்து நெல்லில் ஒரு பங்கு எங்களுக்கு. ஆனால் அதற்கு ஒரு கட்டு உண்டு. கூட்டத்தில் வளைகிற உடம்பு ஒன்று இருக்க வேண்டும். கம்பத்தில் ஏறவும் கயிற்றில் நடக்கவும் ஆள் இருந்தால் மட்டும் போதாது. மூன்று அறுப்புக்கு வளைகிற ஆள் இல்லை என்றால் ஊர்கள் வேறு கூட்டத்துக்குப் போய்விடும். எங்கள் ஜாதிப் பஞ்சாயத்தில் அது மாற்றமுடியாத தீர்ப்பு.

எங்கள் கூட்டத்தில் வளைகிற உடம்பு நான்தான். மகள் பிறந்த பிறகு என் முதுகு என் பேச்சைக் கேட்கவில்லை. ஐயப்பன்தாங்கல் களத்தில் ஒருநாள், பின்னால் வளைந்து தரையில் குத்தியிருந்த ஊசியைக் கண்ணிமையால் எடுத்துவிட்டேன். எடுத்தேனே தவிர எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்கு மேலே எதுவும் அசையவில்லை. என் புருஷன் விஷயம் புரிந்து டோலக்கை விடாமல் அடித்தார். கூட்டமோ அதுவும் ஒரு வித்தை என்று நினைத்துக் கை தட்டியது. கடைசியில் அறுப்புக்கு வந்த இரண்டு பெண்கள் என்னை மூட்டை தூக்குகிறமாதிரி தூக்கிக் கொண்டுபோய் வைக்கோலில் போட்டார்கள். அதற்குப் பிறகு நான் வளையவே இல்லை. அந்தத் தை ஒரு அறுப்பு, அடுத்த தை இரண்டு. மூன்றாவது தைக்குள் என் மகள் இலை எடுத்தாக வேண்டும்.

அந்த வருஷமும் பார்த்துப் பொல்லாததாக வந்தது. பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோயிற்று. சப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து டிப்போவுக்காக நிலத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். கழுதையில் கம்பத்தையும் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு போனால் சிப்பாய் நிறுத்தி ஒவ்வொரு மூட்டையாகப் பிரிக்கச் சொன்னான். சுற்றித் திரிந்தது போதும் என்று பருத்திப்பட்டு ஏரிக்கரைப் புறம்போக்கில் ஓலைக்குடில் போட்டு உட்கார்ந்துவிட்டோம். என் புருஷன் டிப்போவில் மண் வெட்டப் போனார். கயிற்றில் நடந்த மனுஷன் தலையில் மண்கூடையோடு நடந்தார். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் போவார், ஆனால் போவார்.

பிள்ளையை வளைக்கும் பொறுப்பு அவருடைய அக்காவுக்கு. நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் போய்விட்டவள், பிள்ளை இல்லை. தன் காலத்தில் எங்கள் கூட்டத்திலேயே அவளைப்போல் வளைந்தவள் கிடையாது. கழுத்துக்குப் பின்னால் இரண்டு காலையும் போட்டுக்கொண்டு, கையாலேயே களத்தைச் சுற்றி நடப்பாளாம். அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கும். எனக்கும் அவளுக்கும் எப்போதும் ஒத்துப்போனதில்லை. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை காலையில் மகளைக் குளிப்பாட்டி, புதுத்துணி என்று ஒரு கிழிசலைக் கட்டி, அண்ணி கையில் பிடித்துக் கொடுத்தேன். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தது. "போ, அத்தே கூட போ" என்று சொல்லிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். குடிலுக்குக் கொஞ்சம் தள்ளி நாலைந்து பனைமரங்கள் ஒன்றாக நிற்கும். அதற்கு அந்தப் பக்கம்தான் பாய். நான் ஏரிக்கரை திரும்புவதற்குள் முதல் அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையில் என் மார்பில் பால் ஊறியது. பால் மறந்து இரண்டு வருஷம் ஆன பிள்ளை அது.

நாலு நாள் அப்படி. ஐந்தாம் நாள் மட்டும் சத்தமே இல்லை. ஆறாம் நாளிலிருந்து மறுபடி தினமும் அழுகை.

எங்கள் பெண்களுக்கு அழுகையைக் கேட்டே முதுகைப் பற்றிச் சொல்லத் தெரியும். முதல் இரண்டு மூன்று மாதம் பிள்ளை நீட்டி அழும், மூச்சை இழுத்து இழுத்து, வயிற்றிலிருந்து வரும். நீட்டு அழுகை என்போம். எலும்பு இன்னும் மூடியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அழுகை விட்டுவிட்டு வரும். முதுகு இடம் கொடுக்கிறது. கடைசியில் ஒரே ஒரு கத்தல், வெட்டினமாதிரி நிற்கும். அது துண்டு அழுகை. அது வந்துவிட்டால் இனி கவலை இல்லை, பிள்ளை இலை எடுத்துவிடும் என்று தாய்க்காரி ஊருக்குள் தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம். பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது என்றால் காதால்தானே அளந்துகொள்ள முடியும்?

நானும் அளந்தேன். தினமும் கூழுக்குப் போகிற வழியில், ஏரி மதகுப் பக்கம் கால் கழுவுவதுபோல நின்று கேட்பேன். நீட்டு அழுகை சித்திரை தாண்டி வைகாசி வரை இருந்தது. அந்த நாட்களில் அண்ணியை நான் எப்படியெல்லாம் சபித்தேன் என்று எழுதினால் கை கூசும். பிள்ளை பெறாதவளுக்கு அடுத்தவள் பிள்ளையின் வலி எப்படித் தெரியும் என்று வாய்விட்டே சொன்னேன், அவள் காதில் விழும்படி சொன்னேன். அவள் கழுதைக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் என் பிள்ளை அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அழவைக்கிறவளிடம் போய் ஒட்டிக்கொள்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. அடிக்கிற கையைத்தான் பிள்ளை தேடும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆடியில் அழுகை விட்டுவிட்டு வந்தது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி அலையடித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலை துண்டு அழுகையைக் கேட்டேன். ஒரே கத்தல். அத்தோடு நின்றது. அடுத்த நாளும் அப்படியே.

உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பிள்ளையின் முதுகு விட்டுக்கொடுத்துவிட்டது என்று கரையில் நின்று சிரித்தேன். சாயங்காலம் டிப்போவிலிருந்து வந்த புருஷனிடம், "யோவ், முதுகு தொறந்துகிச்சி, தையில எல எடுத்துடும்" என்றேன். அவர் கூடையைக் கவிழ்த்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "அப்டியா?" என்றார். கூடையை மூலையில் வைத்துவிட்டு, "பாவம், ரொம்ப அழுதிச்சா?" என்று கேட்டார். "அழாம எப்டி வளையும்?" என்று அதட்டினேன்.

தை வந்தது. பருத்திப்பட்டுக் களத்தில் கம்பம் நட்டோம். எங்கள் ஜாதிப் பஞ்சாயத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். பஞ்சகாலமாக இருந்தாலும் கூட்டம் குறையவில்லை, எல்லாருக்கும் ஒரு வேடிக்கை வேண்டியிருந்தது. மணியக்காரர் வீட்டிலிருந்து தாம்பாளத்தில் வெற்றிலை வந்தது. புருஷன் கயிற்றில் நடந்து இறங்கினார். வேர்வை துடைத்து, டோலக்கை மாட்டிக்கொண்டார். மகளை நான்தான் கையைப் பிடித்து நடுக்களத்துக்குக் கூட்டிவந்தேன். மஞ்சள் பாவாடை, தலையில் ஒற்றைச் செவ்வந்தி. ஒரு வருஷம் கழித்து அவள் கையை நான் அவ்வளவு நேரம் பிடித்திருந்தது அன்றைக்குத்தான். அவளுக்குப் பின்னால், ஓரடி தள்ளி, தரையில் இலையை வைத்தேன்.

டோலக்கு ஏறியது. பிள்ளை நின்றது. டோலக்கு இறங்கி மறுபடி ஏறியது. பிள்ளை களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தது. அண்ணி தலை குனிந்துகொண்டாள். அவள் தலை குனிந்ததைப் பிள்ளை என்னவென்று எடுத்துக்கொண்டதோ தெரியாது. நிமிர்ந்து நின்று, கண்ணை மூடி, வாயைத் திறந்து அழ ஆரம்பித்தது.

முதலில் நீட்டு அழுகை. வயிற்றிலிருந்து, மூச்சை இழுத்து இழுத்து. கூட்டத்தில் இருந்த பெண்கள் "ஐயோ பாவம், கொயந்த பயந்துடுச்சி" என்றார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த அழுகை நின்றது. இரண்டு மூச்சு விட்டுவிட்டு, அடுத்த அழுகை வந்தது, விட்டுவிட்டு வருகிற அழுகை. அதுவும் நின்றது. பிறகு ஒரே ஒரு கத்தல். வெட்டினமாதிரி நின்றது. பிள்ளை கண்ணைத் திறந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. தனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்துவிட்ட பெருமையோடு எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டது.

எங்கேயோ ஒருவன் சிரித்தான். அப்புறம் களம் முழுக்கச் சிரித்தது. எங்கள் கூட்டத்துப் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வருஷத்து அழுகையை வரிசை மாறாமல் கேட்டுவிட்டு எங்களில் யாருக்கும் சிரிப்பு வராது. நான் பிள்ளையிடம் போய், சட்டையைத் தூக்கி, ஒரு வருஷமாகத் தொடாத முதுகில் கையை வைத்தேன். பனம்பலகைபோல நேராக இருந்தது. எந்தப் பிள்ளைக்கும் இருக்கிற முதுகு.

பஞ்சாயத்துப் பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அதுதான் அவர்கள் தீர்ப்பு. மணியக்காரர் நல்ல மனுஷன். "கொயந்தைய திட்டாதீங்க" என்று சொல்லி ஒரு மரக்கால் நெல்லை என் மடியில் போடச் சொன்னார். எத்தனையோ அறுப்பு அந்தக் களத்தில் பங்காக வாங்கின நெல்லை அன்றைக்குப் பிச்சையாக வாங்கினேன்.

குடிலுக்கு வந்ததும் அண்ணியைத் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தேன். என் புருஷன் தடுக்கவில்லை. "இன்னா பண்ண நீ? ஒரு வருசமா இன்னா பண்ண எம் புள்ளைய?" என்று கேட்டேன். கேட்டேன் என்று இப்போது எழுதுகிறேன், அன்றைக்குக் கத்தின கத்தல் ஏரிக்கு அந்தக் கரையில் கேட்டிருக்கும்.

அவள் மயிரை என் கையிலிருந்து விடுவித்துக்கொள்ளக்கூடப் பார்க்கவில்லை. "நாலு நாளு வளச்சேன்" என்றாள். "நாலு நாளும் நெஜமா தான் வளச்சேன். அஞ்சாம் நாளு நான் இன்னும் ஏந்துக்கவே இல்ல. அதுவே எண்ணெக் கிண்ணத்த தூக்கிகினு வந்து, பாய விரிச்சி, துணிய தூக்கிகினு குப்புற படுத்துகிச்சி. ஒண்ணும் சொல்லாம படுத்துகினு கீது. அதுக்கப்புறம் என்னால முடியல."

"அப்ப அழுதது?"

"நான் தான் கத்துக் குட்த்தேன். நீ மதகாண்ட நின்னு கேப்பேன்னு எனுக்குத் தெரியாதா? எந்த மாசம் எந்த அழுகைன்னு பாத்துப் பாத்துக் கத்துக் குட்த்தேன். அழுவறதும் ஒரு வெளயாட்டுன்னு சொன்னேன். முதுகுல ரெண்டு வெரலால தட்டுனா தான் அழுவணும், தட்டாம அழுவக் கூடாதுன்னு சொல்லி வெச்சேன். மீதி நேரம் நண்டு புடிச்சிகினு கெடக்கும்."

"தையில இன்னா பண்றதா இருந்த?"

"எனுக்கு வளைக்கத் தெரில, நான்தான் கெட்த்துட்டேன்னு பஞ்சாயத்துல சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பால்பல்லு வுயுந்துடும், யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அது களத்துல நின்னு அழும்னு நான் நெனைக்கவே இல்ல."

"எம் வயித்துல அடிச்சிட்டியேடி" என்றேன். அதுவரைக்கும் அவளை 'டி' போட்டதில்லை. அவள் சொன்னாள்: "அடிச்சேன். உன் வயித்துல அடிச்சேன். அது முதுகுல அடிக்கல." என் புருஷன் எழுந்து வெளியே போய்க் கம்பத்தைக் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டினதையே பிரித்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு என்ன ஆயிற்று என்றால், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஊர்கள் போயின. வேறொரு கூட்டம் வந்து களத்தில் கம்பம் நட்டது. என் புருஷன் டிப்போவில் மண் வேலையிலேயே நிலைத்துவிட்டார், நானும் சித்தாளாகப் போனேன். மகள் மிஷன்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அண்ணி எங்களோடுதான் இருந்தாள், எங்களோடுதான் செத்தாள். கடைசி வருஷங்களில் எழுந்து நடக்கவே முடியாமல், இடுப்பிலிருந்து மடங்கிப்போய், தரையைப் பார்த்தபடியே கிடந்தாள். மகள்தான் அவளுக்குச் சோறு ஊட்டினாள். தன் முதுகு நேராக இருப்பது அத்தை போட்ட பிச்சை என்று மகள் எல்லாரிடமும் சொல்லுவாள். அது உண்மைதான். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

ஆனால் களத்தில் ஆட்டம் கெட்ட மறுநாள் காலை ஒன்று இருக்கிறது. அது என் புருஷனுக்குத் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது. மகளிடம் ஒருமுறை சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அவளுக்கு நினைவில்லை என்றாள். நினைவில்லாமல் இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் எழுதுகிறேன் என்று உட்கார்ந்த பிறகு அதை விட்டுவிட்டு எழுதினால், இதுவரை எழுதினது அத்தனையும் பொய்யாகிவிடும்.

அன்று காலை அண்ணியிடம் சட்டியைக் கொடுத்து, "இன்னிக்கி நீ போய் கூழு வாங்கிகினு வா" என்றேன். தண்டனை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, வாங்கிக்கொண்டு போனாள். புருஷன் விடிவதற்கு முன்பே டிப்போவுக்குப் போயிருந்தார். நான் அடுப்பில் எண்ணெயைச் சூடு பண்ணினேன். மகளுக்கு இன்னும் ஒரு பல்லும் ஆடவில்லை. முதல் நாள் இரவே விரலால் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு பல்கூட ஆடவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. விடாமல் வளைத்தால் பங்குனிக்குள் இலை எடுக்கவைத்துவிடலாம், பஞ்சாயத்தில் போய்க் காலில் விழுந்து ஊர்களைத் திரும்ப வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

பனைமரத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பாயை விரித்தேன். பிள்ளை தானாகவே துணியைத் தூக்கிக்கொண்டு குப்புறப் படுத்தது. எண்ணெய் தடவினேன். முழங்காலை இடுப்பில் ஊன்றினேன். பெற்றவள் கை தளரும், எப்படியும் தளரும், தளர்ந்தால் விட்டுவிடலாம் என்றுகூட உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. தளரவில்லை. இரண்டு தோளையும் பிடித்து இழுத்தேன்.

ஒரு விரற்கடை வந்தது. பிள்ளை சத்தம் போடவில்லை. வலிக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் இழுத்தேன். உடம்பு முழுக்க விறைத்தது. காலின் பெருவிரல் இரண்டும் பாயைத் தாண்டி மண்ணைக் கிழித்தன. அப்போதும் சத்தம் இல்லை. அழுகை வராததால் முதுகு எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்த பிடியை விடாமல் எட்டி அவள் முகத்தைப் பார்த்தேன். முகம் கருத்துப்போயிருந்தது. கண்ணீர் மூக்கு நுனி வரை வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது. வாயை மட்டும் இறுக மூடி, எதற்கோ காத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி?" என்றேன்.

மூச்சை அடக்கிக்கொண்டே கேட்டாள். "யம்மா, நீ தட்டவே இல்லியே. அழுவட்டாம்மா? நீட்டு அழுகயா, துண்டு அழுகயா?"

கையை எடுத்துவிட்டேன்.